இதயம் செய்யாத குற்றம்

மூச்சு முட்டிப் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இருபக்கமும் ஈரமான கரகரப்பு கேட்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டிலும் வெண்மை படர்ந்திருக்கிறது. எந்த மருத்துவரும் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிப்பார். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத சிறுபான்மை நோயாளிகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர்கள் இதயத்தில் ஒரு குறையும் இராது. நுரையீரலில் நீர் இறங்கக் காரணம் அவர்கள் விழுங்கிய மாத்திரையாக இருக்கலாம், போட்டுக்கொண்ட ஊசியாக இருக்கலாம். காவிரிப் படுகையில் வயலுக்கு அடித்த மருந்தாகவும் இருக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுத்தார்கள்’ என்று நம் வீடுகளில் சொல்வது நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே உள்ள உறையில் தேங்கும் நீர். காசநோயிலும் புற்றுநோயிலும் அதைப் பார்க்கலாம். இங்கே பேசப்போவது அதுவல்ல. காற்று நிற்க வேண்டிய நுண்ணறைகளுக்குள்ளேயே நீர் புகுவது. இதை ஊசி போட்டு உறிஞ்ச வழியில்லை.

அந்த நுண்ணறைகளை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. இவ்வளவு மெல்லிய சுவரின் ஒரு பக்கம் ஓயாமல் இரத்தம் ஓடியும் மறுபக்கம் நனையாமல் இருப்பதன் கணக்கை 1896இல் இங்கிலாந்தின் உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் எழுதிக்காட்டினார். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள புரதம் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் கசிவதை நிணநாளங்கள் எடுத்துச் சென்றுவிடுகின்றன.

தஞ்சைப் பகுதி விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நீர் இரண்டு விதமாக வரலாம். கீழ்மதகு அடைபட்டு, நீர்மட்டம் ஏறி, கரைக்கு மேல் வழிந்து வருவது ஒன்று. நீர்மட்டம் அப்படியே இருக்க, நண்டு வளை போட்ட கரையின் ஊடாக ஒழுகி வருவது இன்னொன்று. இதயம் தளரும்போது நடப்பது முதல்வகை. இடது இதயம் இரத்தத்தைத் தள்ள முடியாமல் போக, பின்னால் அழுத்தம் ஏறி நுரையீரலில் வழிகிறது. நச்சும் சில மருந்துகளும் செய்வது இரண்டாம்வகை. அழுத்தம் ஏறுவதில்லை, சுவர்தான் ஓட்டையாகிறது. வழிந்து வரும் நீரில் புரதம் குறைவு. ஒழுகி வரும் நீரில் புரதம் அதிகம். மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த நீரின் புரத அளவு, இரத்தத்தில் உள்ளதில் 0.65 பங்கைத் தாண்டினால் கசிவு என்று கொள்ளலாம் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பழகிய கணக்கு.

சிகிச்சை இங்கேதான் பிரிகிறது. ‘லேசிக்ஸ்’ என்று எல்லோரும் அறிந்த ஃபுரோசமைடு ஊசி, சிறுநீராக நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். இதய நோயாளி அரைமணியில் தெளிந்துவிடுவதும் உண்டு. சுவர் ஓட்டையானவருக்கு அந்த ஊசி அதே அளவு கைகொடுக்காது. ஏற்கெனவே நீர் வெளியேறி இரத்த அழுத்தம் சரிந்திருப்பவராக இருந்தால் மேலும் சரியும். அவருக்கு வேண்டியது ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், எல்லாவற்றுக்கும் முன்னால் குற்றவாளியான மருந்தை நிறுத்துவது. ஒரு எக்கோ பரிசோதனை பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடும். மீதிப் பாதிக்கு விடை நோயாளியின் வீட்டிலோ வயலிலோ இருக்கிறது.

இந்த அறிவு புதியதல்ல. மார்ஃபின் நச்சால் நுரையீரலில் நீர் இறங்கிய ஒரு நோயாளியைப் பற்றி, பின்னாளில் நவீன மருத்துவக் கல்வியின் பேராசான் என்று பெயர்பெற்ற வில்லியம் ஆஸ்லர் 1880இலேயே மான்ட்ரியலில் எழுதினார். 1967இல் டென்வர் மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் 12 நோயாளிகளை விவரித்து, இதயம் காரணமல்லாத இந்தத் தீவிர மூச்சுத்திணறலைத் தனி நோய்நிலையாக நிறுத்தினார்கள். இன்று உலகம் பரவலாகப் பயன்படுத்தும் ‘பெர்லின்’ இலக்கணம் 2012இல் வெளியானது. ஆஸ்லரின் கட்டுரைக்கும் அந்த இலக்கணத்துக்கும் நடுவே 132 ஆண்டுகள்.

குற்றவாளிப் பட்டியலில் அபினும் ஹெராயினும் மட்டும் இருந்தால் நம் வீட்டுக்கு இது தூரத்துச் செய்தி. அப்படி இல்லை. ஆஸ்பிரினை அளவுக்கு மேல் பல நாள் எடுத்துக்கொண்ட முதியவருக்கு மூச்சிரைப்பும் குழப்பமும் வந்து, கிருமித்தொற்று என்று சிகிச்சை நடப்பது பாடநூல் சொல்லும் தவறு. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் அளவு மீறி உடலில் சேர்ந்தால் நுரையீரல் நனையும். குறைப்பிரசவ வலியை நிறுத்தக் கொடுக்கப்பட்ட ரிட்டோட்ரின், டெர்பூட்டலின் வகை மருந்துகளால் கர்ப்பிணிகளுக்கு நுரையீரலில் நீர் இறங்கியது உலகெங்கும் பதிவானது. ரிட்டோட்ரின் பல நாடுகளில் வழக்கொழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரத்தம் ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் கொடையாளியின் எதிர்ப்புப் பொருள்களால் வரும் நுரையீரல் கசிவும் இந்தக் குடும்பம்தான்.

இவற்றில் எனக்கு மிகவும் விந்தையாகப் படுவது ஹைட்ரோகுளோரோதயசைடு. உடலிலிருந்து நீரை வெளியேற்றுவதற்காகவே கொடுக்கும் மாத்திரை அது. பிரஷர் மாத்திரை அட்டையில் பெயரின் கடைசியில் ‘ஹெச்’ என்று ஓரெழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். கோடிக்கணக்கானோர் ஒரு தொல்லையும் இல்லாமல் விழுங்குகிறார்கள். மிக அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, விழுங்கிய சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து நுரையீரல் நீரால் நிறைகிறது. 1968இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் பதிவான செய்தி இது. ஆனாலும் நிமோனியா என்று சிகிச்சை பெற்று, தேறி, வீட்டுக்குப் போய், அதே மாத்திரையை மறுபடி விழுங்கி, மறுபடி மூச்சுத் திணறி வந்த பிறகே உண்மை பிடிபட்ட நோயாளிகளின் கதைகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த எச்சரிக்கையை மருந்தின் தகவல் தாளில் சேர்க்கச் சொன்னது மிக அண்மையில்தான். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கட்டுப்படாத இரத்த அழுத்தம் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆளைக் கொல்கிறது. புது மாத்திரை தொடங்கிய அன்றே மூச்சுத் திணறினால் அந்த அட்டையை மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல காரியம். மாத்திரை வீடுதேடி வந்தால் பக்கவிளைவு பற்றிய விசாரிப்பும் உடன் வர வேண்டும். அதற்கான கட்டமைப்பு நாட்டில் இருக்கிறது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புத் திட்டம், 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நெறிநூல் ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமல்ல, நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். குறைகள் இருக்கலாம். ஆனால் மாத்திரையால் நுரையீரல் நனைந்தால் அதை எழுதி வைக்க ஒரு பேரேடு உண்டு.

வயல் மருந்துக்கு வருவோம்.

தஞ்சாவூருக்கும் பூச்சிமருந்துக்கும் உள்ள உறவு அரசே முன்னின்று வளர்த்தது. 1960–61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே பொதியாக வந்தன. 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகம் அறுபதுகளின் நடுவில் குறுவையின் முகத்தையே மாற்றியது. விளைச்சல் பெருகியது. புகையானும் இலைச்சுருட்டுப்புழுவும் குருத்துப்பூச்சியும் கூடவே பெருகின. புகையானைத் தின்னும் சிலந்திகளைப் பூச்சிமருந்து முதலில் கொல்வதால் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்பது நெல் ஆராய்ச்சியில் நிறுவப்பட்ட உண்மை. இருந்தும் உரக்கடைக்காரர் சொல்லும் அடுத்த மருந்துதான் பல ஊர்களில் பரிந்துரைச் சீட்டு.

அடிக்கிறவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் இல்லை. டேங்க் கணக்கில் கூலி பெறும் தொழிலாளி. முதுகில் பவர் ஸ்ப்ரேயர், முகத்தில் ஒரு துண்டு, வெறுங்கால். புட்டியின் மூடிதான் அளவுகோல். கையுறையும் முகக்கவசமும் போடச் சொல்லும் அறிவுரை, குறுவைக் காலத்து வெயிலில் நனைந்த சேற்றில் நின்றுகொண்டு யாரும் பின்பற்றக்கூடியது அல்ல. எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகளின் வேலை ஒரு நொதியை முடக்குவது. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் அழிக்கும் நொதி அது. முடங்கினால் சமிக்ஞை நிற்காமல் ஒலிக்கும். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் வழியும், மூச்சுக்குழாய்ச் சுரப்பிகள் கட்டுப்பாடிழந்து நீரைக் கொட்டும். நுரை வாய்வழியே பொங்கும். கண்டிப்பாகச் சொன்னால் இது இரத்தக்குழாய்க் கசிவு மட்டும் அல்ல. முதலில் சுரப்பு. மருந்தைக் கரைக்கச் சேர்த்த சைலீன் போன்ற கரைப்பான் மூச்சுக்குழாய்க்குள் போனால் அதன்மேல் உண்மையான கசிவும் சேர்ந்துகொள்ளும். காதில் விழுவது அதே ஈர ஒலி. இங்கே மருந்து அட்ரோபின்.

அட்ரோபின் எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் ஈர ஒலி அடங்கியதும் இரட்டிப்பதை நிறுத்திவிட்டு, சிறு அளவில் சொட்டாகத் தொடர வேண்டும். இப்படிக் கொடுத்ததையும் பழைய முறையில் விட்டுவிட்டுக் கொடுத்ததையும் வங்கதேசத்தின் சிட்டகாங்கில் ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். பழைய முறையில் இறந்தவர்கள் 22.5 விழுக்காடு, புது முறையில் 8 விழுக்காடு. மருந்து அதேதான், விலையும் மிகக் குறைவு. பக்கத்தில் நின்று நெஞ்சைக் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் கூடுதல் செலவு. முதல்நாள் பிழைத்தவர் மூன்றாம் நாள் கழுத்தைத் தூக்க முடியாமல், மூச்சுத் தசைகள் தளர்ந்து போகும் நிலையை 1987இல் இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் விவரித்தார்கள். அதனால்தான் தேறிவிட்டார் என்று தோன்றினாலும் உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

‘ஓ.பி. பாய்சன்’ என்று கேஸ் ஷீட்டில் ஒரே சொல்லில் எழுதிவிடுவது எவ்வளவு போதாது என்பதை 2005இல் அதே இலங்கையிலிருந்து ‘லான்செட்’டில் வந்த ஆய்வு காட்டியது. குளோர்பைரிபாஸ் நச்சில் இறந்தவர்கள் 8 விழுக்காடு, ஃபென்தியானில் 16.2, டைமெத்தோயேட்டில் 23.1. உலக சுகாதார நிறுவனம் மூன்றையும் ஒரே அபாய வகுப்பில்தான் வைத்திருந்தது. பெயர் தெரிந்தால் எவ்வளவு நேரம், எதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ‘ஏதோ பூச்சி மருந்து’ என்பதுதான் வார்டுக்கு வரும் வழக்கமான தகவல்.

களைக்கொல்லியான பாராகுவாட் இன்னும் கொடியது. காற்றறைச் சுவரின் உயிரணுக்களே அதைத் தமக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நுரையீரலில் குவிகிறது. முதலில் கசிவு, பிறகு சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் நுரையீரல் தழும்பாக இறுகிவிடுகிறது. ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும். அதனால் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிக்கு ஆக்சிஜனை அளந்து கொடுக்க வேண்டிய கொடுமை மருத்துவருக்கு. முறிமருந்து இல்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத டெல்டாவில் களைக்கொல்லிகளுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த ஒரு பொருளைப் பற்றியாவது தனியாக யோசித்தாக வேண்டும். கேரளம் 2011இல் மோனோகுரோட்டோபாஸையும் பாராகுவாட்டையும் உள்ளடக்கிய 14 மருந்துகளுக்குத் தடை போட்டது.

இதில் இன்னொன்றையும் மறைக்க முடியாது. மருத்துவமனைக்கு வரும் கடுமையான பூச்சிமருந்து நச்சில் பெரும்பங்கு தெளிக்கும்போது நேர்வது அல்ல, மனம் உடைந்த கணத்தில் நேர்வது. கடனோ குடும்பச் சண்டையோ காரணமாயிருக்கலாம். கணத்தின் வேகத்தில் கை போவது எது வீட்டில் இருக்கிறதோ அதன்மேல்தான். வீட்டில் இருப்பது கொல்லும் மருந்தா, கொல்லாத மருந்தா என்பதை முடிவு செய்வது அரசின் பதிவுப் பட்டியல். இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும், 1998இல் எண்டோசல்ஃபானையும், 2008க்கும் 2011க்கும் இடையே பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியானையும் நிறுத்தியது. இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. நெல் விளைச்சல் இந்தத் தடைகளால் குறையவில்லை. இந்தோனேசியா 1986இல் ஒரே ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தபோதும் களஞ்சியம் காலியாகிவிடவில்லை. ‘மருந்தடிக்காமல் நெல் ஏது’ என்கிறவர்களுக்கு நெல் விளையும் நாடுகளே சொன்ன பதில் இது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்ததே ஒரு நச்சுச் சாவிலிருந்துதான். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவில் பாரத்தியான் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊரில் ‘பாலிடால்’ என்று பெயர் நிலைத்துவிட்ட அதே மருந்து. விசாரணை ஆணையம் சட்டம் வேண்டும் என்றது. சட்டம் வர 1968 ஆனது. அதன் 26ஆம் பிரிவு, பூச்சிமருந்தைப் பயன்படுத்துவதாலும் கையாள்வதாலும் நேரும் நச்சு நிகழ்வுகளைத் தெரிவிக்குமாறு மாநில அரசு ஆணையிடலாம் என்கிறது. ஆணையிட வேண்டும் என்று சொல்லவில்லை. 27ஆம் பிரிவின்படி ஆபத்தான மருந்து ஒன்றின் விற்பனையை மாநிலம் நிறுத்தலாம், ஆனால் 60 நாள் அளவுக்கே; அதற்குள் விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் வரை நீட்டிக்கலாம். 2022–23இல் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிமருந்துகளை 60 நாளுக்கு மட்டும் தடைசெய்ததைப் பார்த்து, இது என்ன கண்துடைப்பு என்று கேட்டவர்கள் உண்டு. அரசின் கையில் சட்டம் கொடுத்திருந்த கயிறு அவ்வளவு நீளம்தான். நிரந்தரத் தடை டெல்லியின் அதிகாரம். மோனோகுரோட்டோபாஸின் 36 விழுக்காட்டுத் திரவ வடிவை நிறுத்தும் ஆணை அங்கிருந்து வந்தது 2023இல், இலங்கைக்கு 28 ஆண்டு பின்னால்.

ஆக, மருந்துக்கடை மாத்திரையால் நனைந்த நுரையீரலுக்கு ஒரு திட்டமும் ஒரு தொலைபேசி எண்ணும் உண்டு. உரக்கடை மருந்தால் நனைந்த நுரையீரலுக்கு ‘ஆணையிடலாம்’ என்ற ஒரு வினைச்சொல் உண்டு. இரண்டும் ஒரே வார்டில், சில சமயம் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கின்றன. அரசு 26ஆம் பிரிவின்படி இப்படி ஆணையிட வேண்டும்: மாவட்ட மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் ஒவ்வொரு பூச்சிமருந்து நச்சையும் பொருளின் பெயரோடு கட்டாயம் தெரிவிக்க வேண்டும், அந்தக் கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். எந்த மருந்து தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் அதிகம் கொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். தெரிந்தால்தான் டெல்லியிடம் வாதாட முடியும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு அரசாணை போதும்.

அது வரும்வரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாருக்காவது திடீரென்று மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள். ஏறும்போது அவர் அண்மையில் விழுங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும், வயலில் அடித்த மருந்தாக இருந்தால் அந்தப் புட்டியையோ, புட்டி கிடைக்காவிட்டால் அதன் லேபிளின் படத்தையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். முறிமருந்து உள்ள நச்சானால் லேபிளில் அதன் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்பால் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மனம் தளர்ந்தவர் வீட்டில் இருந்தால் மருந்துப் புட்டியைப் பூட்டி வையுங்கள், 104 எண்ணில் எந்நேரமும் ஆலோசகரிடம் பேசலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.